போதிகையில் பத்து நிமிட வெயில்

வடக்கு ஸ்பெயினில், புர்கோஸ் நகருக்குக் கிழக்கே ஓகா மலைக்காட்டில் சான் ஹுவான் தெ ஒர்த்தேகா என்ற சிற்றூர் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். வடமேற்கு ஸ்பெயினின் சந்தியாகோ நகரில் உள்ள புனித யாகப்பர் கல்லறைக்கு நடந்துபோன யாத்திரிகர்கள், திருடர்களுக்குப் பயந்தபடியே இந்தக் காட்டைக் கடந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹுவான் என்ற குரு இங்கே பாதை போட்டு, தங்கும் விடுதியும் கோயிலும் கட்டினார். 1163இல் மறைந்த அவருடைய கல்லறையும் இங்கேதான்.

கோயிலுக்குள் இடப்பக்கம் ஒரு தூண். அதன் போதிகையில், அதாவது தூணின் தலைப்பகுதியில், இயேசு பிறக்கப்போகிறார் என்று கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாள்களில், மாலையில் மேற்குச் சன்னல் வழியே வரும் வெயில் சரியாக மரியாள்மேல் விழுகிறது. சுமார் பத்து நிமிடம், அப்புறம் விலகிவிடும். 1974இல்தான் இது வெளியுலகின் கவனத்துக்கு வந்தது.

பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. சம இரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு அது மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி, தாழ்வாக நிற்கும். அதனால் கதிர் ஏறக்குறையப் படுக்கையாக நுழைந்து, சற்றே வடக்கே, அதாவது இடப்பக்கத் தூணுக்குப் போகிறது. சூரியன் இறங்கிக்கொண்டே வடக்கே நகர நகர, வெளிச்சம் மேலேறி வலப்பக்கம் நகரும். சன்னலிலிருந்து 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர்.

ஆனால் என்னை வியக்கவைப்பது நாள் கணக்குதான். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியனின் பாதை பல நாள்கள் அசையாததுபோல இருக்கும். அப்போது விழும் வெளிச்சம் ஒரு நாளைத் தனியாகச் சுட்டாது. சம இரவு சமயத்திலோ அது தினமும் 0.4 பாகை நகர்கிறது. அதே 20 மீட்டரில் நாளொன்றுக்கு 14 சென்டிமீட்டர். சில நாள் தவறினால் சிற்பம் நிழலில்தான்.

சரி, திட்டமிட்டுச் செய்தார்களா? மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. ஆனால் அந்தக் காலத்து ஜூலியன் நாள்காட்டி பின்தங்கியிருந்ததால், உண்மையான சம இரவு மார்ச் 14 வாக்கிலேயே வந்துவிட்டது. திருநாள் வருவதற்குள் வெளிச்சம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு விலகிப்போயிருக்கும். எனவே சிற்பி குறிவைத்திருந்தால், நாள்காட்டியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தே குறிவைத்திருக்க வேண்டும்.