துயரம் இருந்தால்தான் படைப்பு வருமா?

'மாத்திரை போட்டால் எழுத வராது டாக்டர்' என்று சொல்லி மனநல மருந்தை நிறுத்திவிடும் கலைஞர்கள் உண்டு. மனம் நொந்தால்தான் கலை பிறக்கும் என்ற நம்பிக்கையே இதற்கு வேர். ஆனால் கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு பத்தி எழுதி முடிப்பதே மலையாகிவிடும்.

உளவியலாளர் ஆலிஸ் ஐசன் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய ஆணிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகு தரையில் சொட்டாதபடி வத்தியைச் சுவரில் பொருத்தச் சொன்னார்கள். பெட்டியைக் காலி செய்து, அதையே தாங்குபலகையாகச் சுவரில் அடிக்க வேண்டும், அதுதான் விடை. சற்றுமுன் நகைச்சுவைப் படத்துண்டு பார்த்தவர்களே இதை அதிகம் கண்டுபிடித்தார்கள். நல்ல மனநிலையில், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் ஓரளவு கூடுவதால் சிந்தனை எளிதில் தடம் மாறுகிறது என்பது பின்னர் முன்வைக்கப்பட்ட விளக்கம்.

பதற்றத்தில், உடலை உஷார்படுத்தும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் எகிறும்போது கவனம் குறுகி, பழகிய வழி மட்டுமே தெரியும். ஆகவே புதிய யோசனைகளை நன்றாகத் தூங்கி எழுந்த, உற்சாகமான வேளையில் எடை போடாமல் எழுதிக் குவியுங்கள். வெட்டித் திருத்துவதை வேறொரு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். சிக்கிக்கொண்டால் எழுந்து நடப்பது உண்மையிலேயே உதவும்.

டோபமின் கூடக்கூட நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். மனம் அளவு மீறிக் கிளர்ந்தெழும் பித்துநிலையில் எண்ணங்கள் பாயும், எல்லாமே மகத்தானதாகத் தோன்றும், எந்த வேலையும் முடிவுக்கு வராது. மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, பணம் கண்டபடி செலவாகிறது என்ற நிலை நான்கு நாள் நீடிக்கும்வரை காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பித்துநிலையும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு, மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்து எடுத்த 24 கலைஞர்களிடம் டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ (Mogens Schou) விசாரித்து 1979இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் படைப்பு கூடியதாகவும், 6 பேர் மாற்றமில்லை என்றும், 6 பேர் குறைந்ததாகவும் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். அந்தக் கடைசி ஆறு பேரின் குறையையும் நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. லித்தியம் எடுப்பவருக்குச் சிந்தனை மந்தமானால், கடைசி வேளை மருந்துக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். தைராய்டையும் சோதிக்க வேண்டும். லித்தியமே தைராய்டு சுரப்பைக் குறைத்து மந்தத்தைத் தரக்கூடும். அளவைச் சரிசெய்தாலே பலருக்குத் தெளிவு திரும்பக்கூடும். சட்டென்று நிறுத்தினாலோ பித்துநிலை திரும்பும் வாய்ப்பும், தற்கொலை அபாயமும் கூடும். 'எழுத முடியவில்லை' என்பதையும் ஒரு பக்கவிளைவாக மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துச்சீட்டை மாற்ற அதுவே போதிய காரணம்.