"எல்லார் வீட்டிலும்தான் போன் இருக்கிறதே!"

ஆசிரியர்களுக்குக் கல்வித் தொழில்நுட்பப் பயிற்சி தரும் வேலையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. அண்மையில் ஏழாம் வகுப்புப் பதிவேடு ஒன்றைப் புரட்டினேன். ஒரு மாணவியின் பெயருக்கு நேரே வரிசையாக 'ஒப்படைக்கவில்லை'. குறிப்பில் 'ஆர்வம் இல்லை'. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தால், அத்தனை வீட்டுப்பாடமும் எழுதியிருக்கிறாள். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வழியில்லை. இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று எழுதி வைக்கப்போகிறோம்?

வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளை கையில் போன் இருப்பது வேறு. அந்த போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போகிறது. இரவு வீடு வந்ததும் பத்தாம் வகுப்பு அண்ணனுக்குத் தேர்வு, அவனுக்குத்தான் முதல் உரிமை. இவள் முறை வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது போனில் இடம் இல்லாமல் உங்கள் வீடியோ இறங்காது. கணக்கெடுப்புப் படிவத்திலோ இந்த வீட்டுக்கு 'போன் உண்டு' என்று டிக் விழுந்திருக்கும். அந்த டிக்கை நம்பித்தான் நாம் பாடம் நடத்துகிறோம்.

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது சுமார் 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்றது அது. கருவி கொடுத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பெரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை ஆராய்ந்தவர்கள், கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2012இல் எழுதினார்கள். பாடத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியருக்குத் தெளிவாகக் காட்டாமல் பெட்டியை மட்டும் இறக்கினால் இதுதான் நடக்கும்.

'போன் இருக்கிறதா' என்று கேட்பதை விடுங்கள். யாருடைய போன், எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும், எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள். அதையும் வகுப்பில் எல்லார் முன்னாலும் கை தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இல்லாத பிள்ளையும் கூச்சத்தில் கை தூக்கிவிடும். வீடியோவை வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு நிமிட ஆடியோ போதும், அல்லது நாலு வரி எழுதி அனுப்புங்கள். 'இரவு எட்டு மணிக்குள்' என்று கெடு வைக்காதீர்கள். அனுப்பாதவர்கள் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போடவே போடாதீர்கள், தயவுசெய்து. நோட்டில் எழுதி வந்தாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.

கணினி அறைக்குக் கூட்டிப் போனால் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். வீட்டில் கணினி உள்ள பிள்ளை ஓட்டும், இல்லாத பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாதி நேரம் ஆனதும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். தட்டுத் தடுமாறினாலும் அது தானே செய்து முடிக்கட்டும்.