நான்கு மாதமும் நாற்பது டிகிரியும்

2017 பிப்ரவரியில் அயர்லாந்தின் ஆர்டிஈ தொலைக்காட்சி, அறுவை சிகிச்சைக்காக வரிசையில் கிடக்கும் நோயாளிகளைப் பற்றி ஒரு புலனாய்வு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளைப் பார்த்து நாடே கலங்கியது. இந்த ஆண்டு முடிவதற்குள் எந்தப் பிள்ளையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்காது என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ். ஆண்டு முடிந்தது, வரிசை முடியவில்லை. 2022-இல் அடுத்த அமைச்சர் ஸ்டீபன் டொனலி 1.9 கோடி யூரோ ஒதுக்கினார். அப்புறமும் வரிசை இருந்தது. வாக்குறுதியை நம்பிப் பயனில்லை, கெடுவைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

சரி, இந்த நோய்க்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்? மூட்டு தேய்ந்த பெரியவர் ஆறு மாதம் காத்திருந்தால் வலியில் துடிப்பார். ஆனால் அவருக்குச் செய்யப்போவது பெரும்பாலும் அதே அறுவை சிகிச்சைதான். ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்த முதுகெலும்பு வளைவு உள்ள பிள்ளை காத்திருந்தால் சிகிச்சையே வேறாகிவிடலாம்.

ஸ்கோலியோசிஸில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மேடாகத் தெரிவது அந்த முறுக்கினால்தான். வளைந்ததும் உடல் எடை ஒரு பக்கமாக அழுத்தும். வளரும் எலும்பு, அழுத்தம் கூடிய பக்கத்தில் மெதுவாகவும் குறைந்த பக்கத்தில் வேகமாகவும் வளரும். இப்படி ஒவ்வொரு முள்ளெலும்பும் ஒரு பக்கம் சப்பையாகி ஆப்பு வடிவத்துக்கு வருகிறது. ஒரு பக்கம் தடிமன் குறைந்த செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினால் எப்படி இருக்கும்? அதேதான். சாய்ந்த சுவர் இன்னும் ஒரு பக்கமாக அழுத்தும்; அழுத்தம் இன்னும் சாய்க்கும்.

இந்தச் சுழலை ஓட்டுவது வளர்ச்சி. பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலும், பையன்களுக்கு அதற்கு இரண்டு ஆண்டு கழித்தும் உயரம் சட்டென்று ஏறும். அந்தச் சமயத்தில் வளைவு மாதத்துக்கு ஒரு டிகிரி கூடுவதும் உண்டு.

வளைவை அளப்பது, ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் விளக்கிய கோணத்தால். பத்து டிகிரிக்குக் கீழ் இருந்தால் நோயாகக் கணக்கில்லை. வளரும் பிள்ளைக்கு ஏறக்குறைய 25 முதல் 40 வரை என்றால், வளைவு கூடாமல் உடம்பை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேஸ் என்ற கவசம் போடலாம். 45, 50-ஐத் தாண்டினால் கம்பியும் திருகும் வைத்து எலும்புகளை இணைக்கும் பேச்சு வந்துவிடும். பிரேஸ் பலன் தருமா என்ற பழைய சந்தேகத்தை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு பெருமளவு தீர்த்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50-ஐத் தொடவில்லை. சும்மா கண்காணித்தவர்களில் 48 சதவீதம். ஆனால் வளர்ச்சி நின்றபின் பிரேஸால் ஒன்றும் ஆகாது. வளைவு பெரிதாகி விறைத்துவிட்டால் அறுவை சிகிச்சையும் நீளும், ரத்த இழப்பும் கூடும். சின்னஞ்சிறு வயதிலேயே வளைந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர இடமே குறைந்துபோகும்.

ஆக, சட்டத்தில் "நான்கு மாதம்" என்று எழுதினால் முதல் கேள்வி, எந்த நாளிலிருந்து? அறுவை சிகிச்சைப் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து என்றால், நிபுணரை முதன்முறை பார்ப்பதற்காகக் காத்திருந்த காலம் கணக்கிலேயே வராது. பிரேஸ் போட வேண்டிய காலம் பெரும்பாலும் அங்கேதான் நழுவுகிறது. 2005-இல் பின்லாந்து கொண்டுவந்த சிகிச்சை உத்தரவாதச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. பரிந்துரைக் கடிதம் வந்த மூன்று வாரத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும். தேவை உறுதியானால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. சிறுவர், இளையோர் மனநலத்துக்கு மட்டும் அந்த ஆறு மாதம் மூன்றாகக் குறைகிறது. பிள்ளைகளுக்கென்று தனிக் கடிகாரம் வைக்க முடியும் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம்.

கடிகாரம் வைத்தால் மட்டும் போதுமா என்றால், அயர்லாந்திலேயே பதில் இருக்கிறது. அங்கே 2005-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்கி அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆனாலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கெடு தாண்டிக் காத்திருக்கிறார்கள். பெற்றோர் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சை ஒன்றுக்கே அநேகமாக ஒரு முழு நாள் அறுவை அரங்கம் வேண்டும். மயக்க மருத்துவர், நரம்புகளை நொடிக்கு நொடி கண்காணிப்பவர், பிறகு தீவிர சிகிச்சைப் படுக்கை. இதில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைய அறுவை சிகிச்சை ரத்து. எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட்டாலும் செவிலியர் முளைத்து வரமாட்டார்.

அதற்காகச் சட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் ஒரே நாள்கணக்கு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வளர்ச்சி நின்ற பதினேழு வயதுப் பையனுக்கு ஆறு மாதத்தில் வளைவு அநேகமாக அப்படியே இருக்கும். உச்ச வளர்ச்சியில் இருக்கும் பதினொரு வயதுப் பெண் அதே ஆறு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பாள். பட்டியலில் இருவருக்கும் ஒரே எண்தான் தெரியும்.