குரங்கு முகமும் மாவு வேஷமும்

செம்பருத்தி இலையில் ஒட்டியிருந்த ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார் ஒரு வாசகி. அரிசி மணியளவுதான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் அச்சு அசல் குரங்கு முகம். "அனுமார் வந்திருக்கார், செடியைத் தொடாதே என்கிறார் மாமியார். இது என்ன?" என்று கேட்டிருந்தார்.

இது ஒரு பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு. ஆங்கிலத்தில் ஏப்ஃப்ளை, அறிவியல் பெயர் ஸ்பால்கிஸ் எபியஸ். இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை உண்டு. நீலன்கள் என்ற பட்டாம்பூச்சிக் குடும்பம் என்றாலும் நீலம் கிடையாது, மங்கிய பழுப்பு. சிறகை விரித்தால் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. அந்த முகம் சிறு பறவைகளை மிரட்டத்தான் என்பவர்கள் உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டர் முகத்துக்குப் பறவை பயப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேடுபள்ளத்திலும் நிறத்திட்டிலும் முகத்தைத் தேடுவது நம் கண்ணின் பழக்கம்.

என்னைக் கட்டிப்போடுவது முகமல்ல, அதற்கு முந்தைய புழுப் பருவம். பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்றுதான் படித்திருப்போம். இது இலையைத் தொடாது. மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்று வளர்கிற அசைவப் புழு.

சிக்கல் எறும்புதான். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைப் பின்பக்கமாகச் சொட்டுவிடும். அந்த இனிப்புக்காக எறும்புகள் ஆடு மேய்ப்பதுபோல் அதைக் காவல் காக்கும். அதைத் தின்னப் பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். இந்தப் புழுவோ மந்தைக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறது! எப்படி?

நீலன் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றுக்கு முதுகில் ஒரு தேன்சுரப்பி உண்டு. எறும்புக்கு ஒரு சொட்டுக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். ஏப்ஃப்ளை புழுவுக்கு அந்தச் சுரப்பி இல்லை. அது வேஷம் போடுகிறது. மாவுப்பூச்சி மேலிருக்கும் வெள்ளை மெழுகுத் தூள் இதன் குறுமயிர்களில் ஒட்டி, முதுகு முழுக்க அப்பிக்கொள்கிறது. உடல் தட்டையானது, ஓரம் கூரைபோல் இறங்கி, தலையையும் கால்களையும் மறைத்துவிடும். நடையும் மெதுவோ மெது. எறும்பு ஆளை அடையாளம் காண்பது பெரும்பாலும் மேல்தோலின் வாசனையை வைத்துத்தான். காவலுக்கு வந்த எறும்பு உணர்கொம்பால் தட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா நகர்கிறது. சில சமயம் புழுவின் முதுகு மேலேயே ஏறி நடந்து போகிறது. தின்ற இரையின் போர்வைக்குள் இருந்துகொண்டே அடுத்த இரையைத் தின்கிறது புழு.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது நினைவிருக்கலாம். மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி அது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரீக்கோவிலிருந்து அசெரோபாகஸ் என்ற குட்டிக் குளவியை வரவழைத்துத்தான் அதை அடக்கினார்கள். அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெளியூர்ப் பூச்சியையும் நம் ஏப்ஃப்ளை புழு தின்றது. இதைப் பெருக்கி வயலில் விடுவதற்கான ஆய்வுகளுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, செம்பருத்திக்கு வருவோம். மாமியார் சொன்னபடியே தொடாமல் விட்டுவிடுங்கள். மருந்தும் அடிக்க வேண்டாம். பட்டாம்பூச்சி வெளியே வரப் பத்து நாள் போல ஆகும். அதுவரை அதே கிளையில், மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, மாவு பூசிய ஒன்று மெல்ல ஊர்ந்தால் அதுதான் புழு.