தொட்டால் மின்னும் கடல்

மாலத்தீவின் ரா பவளத்திட்டில் இருக்கும் வாது தீவுக்கு இணையத்தில் 'நட்சத்திரக் கடல்' என்று பட்டப்பெயர். இரவில் அலை மடியும் விளிம்பெல்லாம் நீல ஒளி முத்துகளை வாரி இறைத்ததுபோன்ற படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்கள் பலர். முழுநிலா இரவில் போய் நின்றால் கறுத்த தண்ணீரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். வாது என்ற பெயரில் அந்த நாட்டில் வேறு தீவுகளும் உண்டு. குழப்பம்தான், ஆனால் பெரிய நஷ்டமில்லை. ஒளிரும் உயிரிகள் நீரோட்டத்தோடு அலைகிறவை. இன்று இந்தக் கரை, நாளை பக்கத்துத் தீவு.

அந்த உயிரிகளில் முக்கியமானவை டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் ஒற்றைச் செல் மிதவைகள். நாக்டிலூக்கா என்ற வகை சற்றுப் பெரியது. வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். இவை சும்மா கிடக்கும்போது ஒளிர்வதில்லை. அலை உடைய வேண்டும், துடுப்பு கலக்க வேண்டும், அல்லது யாராவது காலை விட வேண்டும்.

கால் பட்டதும் என்ன நடக்கிறது? நீர் உரசி இழுக்கையில் செல்லின் மேற்சவ்வு நெளிகிறது. அந்த நெளிவு உள்ளே ஒரு மின் துடிப்பைக் கிளப்புகிறது. நம் நரம்பில் ஓடும் துடிப்புக்கு உறவுமுறையானது அது. செல்லின் நடுவே அமிலம் நிறைந்த ஒரு பை இருக்கிறது. துடிப்பு அதன் சுவரில் பரவியதும், அங்கே ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உறுப்புகளுக்குள் ஹைட்ரஜன் அயனிகள் பாய்கின்றன. அவற்றுக்குள்தான் லூசிஃபெரின் என்ற எரிபொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் காத்திருக்கின்றன. அமிலத்தன்மை ஏறியதும் நொதி விழித்துக்கொள்கிறது, லூசிஃபெரின் ஆக்சிஜனோடு சேர்கிறது, நீல ஒளி தெறிக்கிறது. ஒரு தெறிப்பின் ஆயுள் ஏறத்தாழ 0.1 நொடி. வெப்பம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வெளிப்படுவதில்லை.

இந்த இரண்டு பெயர்களையும் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் டுபுவா. 1880களில் அவர் செய்த சோதனையின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒளிரும் உயிரியின் சாற்றைக் குளிர்ந்த நீரில் எடுத்து, அது மின்னி அணையும்வரை காத்திருந்தார். அதில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, நொதி மிஞ்சியது. இன்னொரு சாற்றை வெந்நீரில் எடுத்தார். அதில் நொதி கெட்டுவிட்டது, எரிபொருள் மிஞ்சியது. இருண்டு கிடந்த இரண்டையும் கலந்தார். மறுபடியும் வெளிச்சம்!

ஒளிர்ந்து அந்தச் செல்லுக்கு என்ன லாபம்? அதை மேய வருகின்ற கோப்பிபாட் என்ற குட்டி ஓட்டுயிரி திடீர் மின்னலில் மிரண்டு விலகுகிறது. விலகாவிட்டால் இன்னும் மோசம்: மேய்கிறவன் இருக்கும் இடத்தை அந்த வெளிச்சமே பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பகலில் இந்தத் தந்திரம் பலிக்காது. அதனால் லிங்குலோடினியம் என்ற வகை விடியும்போது தன் நொதியைச் சிதைத்துவிட்டு, மாலையில் புதிதாகச் செய்துகொள்கிறது. ஆய்வகத்தில் ஓயாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தாலும் சில நாள்களுக்கு இந்தக் கணக்குத் தப்புவதில்லை.

நிச்சயமாகப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் இருக்கும் மஸ்கிட்டோ குடாவுக்குப் போகலாம். உலகிலேயே அதிகமாக ஒளிரும் குடா என்று கின்னஸ் பதிவு பெற்றது அது. வாய் குறுகல் என்பதால் உள்ளே இருக்கும் பைரோடினியம் என்ற ஒளிரும் வகையின் செல்கள் எளிதில் வெளியேறுவதில்லை. சுற்றியுள்ள அலையாத்தி மரங்களின் இலை மக்கி நீருக்குச் சத்து சேர்க்கிறது. 2017இல் மரியா புயல் தாக்கியபின் குடா இருண்டுபோய், சில மாதங்கள் கழித்தே மீண்டது. அங்கே குளிக்கத் தடை. பூசிக்கொண்டு வரும் களிம்புகள் செல்களுக்குக் கேடு என்பதால் படகிலிருந்தபடியே பார்க்க வேண்டும்.

எங்கே போனாலும் நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் பழகியது பாழ். அப்போதும் படத்தில் கண்ட அடர்நீலம் எல்லா நேரமும் தெரிந்துவிடாது. மங்கலில் வேலைசெய்யும் விழிச்செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாததால், மெலிந்த ஒளி சாம்பல் வெண்மையாகத்தான் படும். கேமராவோ பல நொடிகள் திறந்திருந்து, அடுத்தடுத்த அலைகளின் தெறிப்புகளை ஒரே படத்தில் சேர்த்துவிடுகிறது.

மாலத்தீவுக் கரைகளில் இன்னொரு ஒளியும் உண்டு. அலை வடிந்த பிறகும் மணலில் நீலப் புள்ளிகள் அணையாமல் கிடந்தால், அது ஆஸ்ட்ரகாட் என்ற எள்ளளவு ஓட்டுயிரியின் வேலையாக இருக்கலாம். அது எரிபொருளையும் நொதியையும் உடலுக்கு வெளியே துப்பி நீரில் கலக்கவிடுவதால் ஒளி நின்று எரியும். காய்ந்து பொடியானாலும் இந்தச் சரக்கு கெடுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படைவீரர்கள் அந்தப் பொடியை உள்ளங்கையில் ஈரப்படுத்தி, அதன் வெளிச்சத்தில் வரைபடம் படித்திருக்கிறார்கள்.