அதே பாதை, வேறு பறவை

பறவை பார்க்கப் பழகும் இளையவர்களை ஒவ்வொரு முறையும் புதுப்புது இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று பல வழிகாட்டிகள் நினைக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் மரம், கொஞ்சம் புதர், ஓரமாக ஒரு நீர்நிலை இருந்தால் போதும். எல்லாப் பருவத்திலும் அதே பாதையில் நடங்கள். பாதை மாறாமல் இருக்கும்போதுதான் பறவை மாறுவது கண்ணுக்குத் தெரியும். போன மாதம் இல்லாத பறவை இந்த மாதம் வந்திருப்பது ஒரு மாற்றம். அங்கேயே இருக்கும் பறவையின் குரலும் இறகும் உடம்பும் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு மாற்றம். இந்த இரண்டாவதுதான் என்னை வருடக்கணக்காக அதே பாதைக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

நடப்பதற்கு முன்னால் நிற்கக் கற்க வேண்டும். பத்துப் பேர் ஒன்றாக உள்ளே நுழைந்ததும் பாதையோரப் பறவைகள் அடங்கிவிடும். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பிவரும். ஒவ்வொரு பறவையும் ஒரு தூரத்தைக் கணக்கில் வைத்திருக்கிறது. அதைத் தாண்டி நெருங்கினால் பறந்துவிடும். அந்தத் தூரம் பறவைக்குப் பறவை மாறும், நாம் எப்படி நெருங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், நீங்கள் அதன் பின்பக்கமாக வருவதும் அதற்குத் தெரியும். நேராக அதை நோக்கி நடக்காமல், எங்கோ போவதுபோலச் சாய்வாக நடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும்.

பைனாகுலரைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். 42-ஐ எட்டால் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் உங்கள் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அளவு. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரியும்போது இந்த வட்டம் பெரிதாக இருந்தால் காட்சி தெளிவாக இருக்கும். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று தோன்றும். ஆனால் பறவையோடு சேர்ந்து கையின் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பழகுபவர்களுக்கு எட்டே போதும். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை எங்கே என்று மறுபடி தேட வேண்டியதுதான்.

சரி, இனப்பெருக்கக் காலத்திலிருந்து தொடங்குவோம். விடியலுக்கு அரைமணி நேரம் முன்பே பாதையில் இருக்க வேண்டிய பருவம் இது. இத்தனை மாதமாக ஒற்றை ஓசை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்த பறவை திடீரென்று நீண்ட பாட்டாகப் பாடும். வெயில் ஏறியதால் வந்த உற்சாகம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் 1924-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஜங்கோ என்ற சிறு பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டில் வைத்து, மாலையானதும் மின்விளக்கு ஏற்றி, பகலை நாளுக்கு நாள் சில நிமிடம் நீட்டினார். வெளியே உறைபனிக் குளிர். ஆனாலும் அந்தப் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் வளர்வதுபோல வளர்ந்தன. பறவையின் ஆண்டுக் கடிகாரம் முக்கியமாகப் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது, வெப்பத்தை வைத்து அல்ல என்பதற்கு அது முதல் பெரிய சான்று.

அந்த வெளிச்சத்தை எது அளக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். பிரான்ஸில் ழாக் பெனுவா 1930-களில் கண் தெரியாத வாத்துகளை வைத்துப் பார்த்தபோது அவையும் நீண்ட பகலுக்கு அதேபோல எதிர்வினை காட்டின. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஊடுருவும் ஒளியை, மூளையின் ஆழத்தில் இருக்கும் உணர்செல்களே நேராகப் பிடித்துக்கொள்கின்றன. அங்கிருந்து போகும் ஹார்மோன் கட்டளையால் பல இனங்களில் விரைகள் நூறு மடங்குக்கும் மேல் பெரிதாகின்றன. பருவம் முடிந்ததும் மறுபடி சுருங்கிவிடும். பறக்கும் உடம்பு வேண்டாத எடையை ஆண்டு முழுக்கச் சுமக்காது.

பூமத்திய ரேகைப் பக்கம் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லையே, அங்கே என்ன ஆகும் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. பனாமாவில் வாழும் புள்ளி எறும்புப்பறவைகளை வைத்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், வெறும் 17 நிமிட வித்தியாசத்தையே அவை உணர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராவது தெரிந்தது. மழை, இரை இவையும் அங்கே பெரிய சைகைகள். அதனால் நான்கு பருவமெல்லாம் இல்லாத நிலத்தில் நடத்தும் நடையிலும் இந்தக் கடிகாரத்தைப் பார்க்கலாம். மழை தொடங்கும் வாரத்தையும் பாட்டு தொடங்கும் வாரத்தையும் குறித்து வைத்தால் போதும்.

பாடுவதற்கு மூளையும் மாற வேண்டும். கேனரிப் பறவைகளின் மூளையில் பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் வசந்தத்தில் பெரிதாகி இலையுதிர்காலத்தில் சிறிதாவதை பெர்னாண்டோ நாட்டபோம் 1981-இல் காட்டினார். அதுசரி, ஏன் விடியற்காலையில் அவ்வளவு பாட்டு? இரை தேட வெளிச்சம் போதாத நேரம், ஆனால் எல்லை காக்கவும் துணை தேடவும் பாட முடியும். காற்றும் ஓரளவு அடங்கியிருக்கும். இரவைத் தாண்டி வந்தும் உடம்பில் கொழுப்பு மிச்சம் இருக்கும் பறவைதான் நெடுநேரம் பாட முடியும் என்பதால், பாட்டின் நீளமே ஒரு தகுதிச் சான்றாகவும் இருக்கலாம். ஒரே பதிலில் முடியாத கேள்வி இது. பாடுவது ஆண் மட்டும்தான் என்று சொல்லிக்கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். 2014-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில், கணக்கில் எடுத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுவது தெரிந்தது.

இந்த நடையில் இளையவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வயது ஏற ஏற நம் காது உயர்ந்த சுருதிகளை இழந்துகொண்டே வரும். ஐரோப்பாவில் கோல்ட்கிரெஸ்ட் என்ற, ஆறு கிராம் எடைகூட இல்லாத குருவியின் பாட்டு 7,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. எத்தனையோ ஆண்டு அனுபவமுள்ள வழிகாட்டிக்குக் கேட்காத அந்தப் பாட்டு பதினான்கு வயதுக்காரருக்குத் துல்லியமாகக் கேட்கும். "அங்கே ஒண்ணு பாடுது" என்று ஒரு சிறுமி கை காட்டினால் நம்புங்கள், நின்று தேடுங்கள். பெயர் சொல்வது மட்டும் வழிகாட்டியின் வேலையாக இருக்கட்டும்.

பாட்டைப் பதிவுசெய்து போட்டுக் காட்டிப் பறவையை வரவழைப்பது சுலபம். நான் அதைச் செய்ய விடுவதில்லை. தன் எல்லைக்குள் ஒரு போட்டியாளன் வந்துவிட்டதாக அந்தப் பறவை நம்பிவிடும். இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். நமக்கு இரண்டு நிமிடக் காட்சி, அதற்கு ஒரு காலைப்பொழுதே போய்விடும்.

அடுத்த பருவத்தில் பாதையில் குஞ்சுகள். சிறு பாடும் பறவைகள் பல, முட்டையிலிருந்து வந்த இரண்டு வாரத்திலேயே கூட்டை விட்டு இறங்கிவிடும், சரியாகப் பறக்கத் தெரியாமலே. தரையில் குட்டைவாலோடு உட்கார்ந்திருக்கும் குஞ்சைப் பார்த்ததும் எடுத்துக் காப்பாற்றத் தோன்றும். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும், நாம் நகர்ந்தால்தான் இரையோடு வரும். பூனையோ வண்டிச் சக்கரமோ அச்சுறுத்தினால் ஒழியத் தொட வேண்டாம்.

வெளிப்பார்வைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தக் குஞ்சு அப்போது படித்துக்கொண்டிருக்கிறது. வெண்கொண்டைச் சிட்டுகளை வளர்த்து ஆராய்ந்த பீட்டர் மார்லர், அவை ஏறக்குறைய பத்தாவது நாளிலிருந்து ஐம்பதாவது நாளுக்குள் கேட்கும் பாட்டைத்தான் மனத்தில் பதித்துக்கொள்கின்றன என்று கண்டார். அந்த நாட்களில் தன் இனத்தின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தால், பிறகு பாடுவது அரைகுறையாகவே இருக்கும். கேட்டது மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அப்புறம் உளறலாகத் தொடங்கி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டு, அடுத்த வசந்தத்தில் முழுப் பாட்டாக வரும். பகல் மறுபடி நீளத் தொடங்கியதும் வைக்கும் கடைசி நடையில் புதருக்குள் யாரோ முணுமுணுப்பதுபோலக் கேட்டால், அது அநேகமாக இந்தப் பயிற்சிதான்.

குஞ்சுகள் தனியே போனதும் பாதை சட்டென்று அமைதியாகிவிடும். பறவையே இல்லையே என்று இளையவர்கள் சோர்ந்துபோகும் மாதம் இது, வழிகாட்டிகள் பலர் நடையையே நிறுத்திவிடும் மாதமும் கூட. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பறவைகள் இறகு மாற்றிக்கொண்டிருக்கின்றன. இறகு, நகம்போல உயிரற்ற பொருள். தேய்ந்தால் தானாகச் சரியாகாது, உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைக்க வேண்டும். அதற்கு ஏராளமான புரதமும் ஆற்றலும் வேண்டும், பறக்கும் திறனும் குறையும். அதனால் வாயை மூடிக்கொண்டு ஒளிந்திருக்கும். பாடும் பறவைகள் பெரும்பாலும் சிறகின் நடுப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி, இரண்டு பக்கமும் சமமாக, ஒன்றிரண்டாக உதிர்க்கும். மேலே பறக்கும் பறவையின் இரண்டு சிறகிலும் ஒரே இடத்தில் இடைவெளி தெரிந்தால் காரணம் இதுதான். வாத்துகள் இன்னும் துணிச்சல். பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் நாணலுக்குள் கிடக்கும். ஆண் வாத்து பகட்டு நிறத்தையும் அப்போது கழற்றிவிட்டு, பெண்ணைப்போல மங்கலாகத் தெரியும்.

பகல் குறுகத் தொடங்கினால் அதே கடிகாரம் வேறு கட்டளை கொடுக்கும். வலசை போகும் பறவை அளவில்லாமல் தின்னும். கடலையோ பாலைவனத்தையோ தாண்டும் சில சிறு பறவைகள் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். கூண்டில் வைத்திருந்தாலும் இரவில் தூங்காமல் தத்திக்கொண்டே இருக்கும், அதுவும் போக வேண்டிய திசையை நோக்கி. ஸ்டீபன் எம்லன் 1960-களில் மை தோய்த்த தரையும் காகிதச் சுவரும் கொண்ட புனல் வடிவக் கூண்டில் இண்டிகோ பண்டிங் பறவைகளை விட்டு, கால் தடங்களை வைத்து அந்தத் திசையைக் கண்டுபிடித்தார். கோளரங்கத்தில் நட்சத்திரக் காட்சியை மாற்றினால் தடங்களின் திசையும் மாறியது.

இளையவர்களிடம் நான் கட்டாயம் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் வலசையின் நடுவே பிடித்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார் ஏ. சி. பெர்டெக். முடிவு 1958-இல் வெளிவந்தது. முன்பே ஒருமுறை போய்வந்த மூத்த பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. முதல்முறை கிளம்பிய இளம்பறவைகள் எதையும் திருத்தவில்லை. பிறப்பிலேயே வந்த திசையில் அப்படியே பறந்து, தெற்கு பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆக, எந்தப் பக்கம் போவது என்பது பிறவியிலேயே இருக்கிறது. எங்கே போய்ச் சேர்வது என்பதை ஒருமுறை போய்த்தான் கற்க வேண்டும்.

அந்தப் பிறவி அறிவை மட்டும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன், 11 நாட்கள் எங்கும் இறங்காமல், டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. முதுகில் இருந்த சிறிய செயற்கைக்கோள் கருவிதான் அதைக் காட்டியது. அதற்கு வயது ஐந்து மாதம். நீர்நிலை ஓரமாகச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு கரைப்பறவையைக் காட்டி இதைச் சொன்னால், அதுவரை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் பைனாகுலரை வாங்கிப் பார்ப்பார்.

குளிர்காலத்தில் எல்லை, சண்டை எல்லாம் தளர்ந்துவிடும். ஐந்தாறு இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து அலையும். பத்து நிமிடம் ஒன்றுமில்லாத பாதையில் திடீரென்று இருபது முப்பது பறவைகள் கடந்துபோகும். இரையைத் தேடும் நேரத்தில் எதிரியைக் கவனிக்கக் கூடுதல் கண்கள் கிடைக்கின்றன. வட அமெரிக்காவின் சிக்கடீ என்ற சிறு பறவை, ஆபத்து எவ்வளவு பெரிதோ அத்தனை முறை தன் அழைப்பின் கடைசியில் 'டீ' ஓசையைக் கூட்டும். அதே கூட்டத்தில் திரியும் நட்ஹாட்ச் என்ற வேறு இனப் பறவைகள் அந்த வேற்று மொழியைப் புரிந்துகொண்டு நடந்துகொள்கின்றன. எதிர்ப்படும் கூட்டத்தில் எத்தனை இனம், எது முன்னால் போகிறது, எது பின்தொடர்கிறது என்று எண்ணவிட்டால் இளையவர்களுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

எண்ணியதை எழுத வேண்டும். தேதி, நேரம், வானிலை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. 1900 டிசம்பர் 25 அன்று ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் கேட்டுக்கொண்டபடி வட அமெரிக்காவில் 25 இடங்களில் 27 பேர் பறவைகளை எண்ணினார்கள். ஆண்டுதோறும் தொடரும் அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த இனம் குறைகிறது, எது வடக்கே நகர்கிறது என்று இன்று சொல்ல முடிகிறது. பறவை இல்லாத நாளையும் எழுத வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன். இல்லை என்பதும் ஒரு தகவல், அதை எழுதியவர் அங்கே போயிருந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி.

கடைசியாக ஒரு நடையை, ஆண்டின் மிகக் குறுகிய பகல் கழிந்து மூன்று நான்கு வாரத்தில் வையுங்கள். குளிர் அப்போதும் குறைந்திருக்காது, சில இடங்களில் கூடியும் இருக்கும். வழக்கம்போலப் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஐரோப்பாவில் பட்டாணிக் குருவிகள் ஜனவரியிலேயே பாடத் தொடங்கிவிடுகின்றன. உங்கள் பாதையில் எது முதலில் பாடுகிறது, எந்தத் தேதியில் என்று முதலில் கேட்டவரே குறிப்பேட்டில் எழுதட்டும்.