நாற்பதைத் தாண்டி முதல் நாவல்: வயதைவிட அவசரமே ஆபத்து

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பிரதி என் மேசைக்கு வந்தது. எழுதியவருக்கு வயது 52. வங்கியில் கடன் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கூடவே ஒரு கடிதம்: "ஏற்கெனவே ரொம்பத் தாமதமாகிவிட்டது. இந்த வருஷமே புத்தகமாக வந்துவிட வேண்டும்." 420 பக்கங்கள் இருந்தன. ஒருமுறைகூடத் திருத்தி எழுதாத முதல் வரைவு அது.

நாவல்களைச் செப்பனிடுவது என் தொழில். நடுவயதில் எழுத வந்து, வயதின் காரணமாகத் தோற்றவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. தாமதமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் நல்ல கைப்பிரதியைப் பாழாக்கியவர்களையும் சேமிப்பைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரை உதாரணமாகச் சொல்வார்கள். எண்ணெய் நிறுவன வேலை போன பிறகு எழுத வந்து, 50 வயதில் முதல் நாவலை வெளியிட்டவர். இதைக் கேட்டு உற்சாகம் அடைபவர்கள், நடுவில் அவர் என்ன செய்தார் என்று கேட்பதில்லை. வேலை போனது 1932இல். நாவல் வந்தது 1939இல். முதலில், பத்திரிகையில் வந்த வேறொருவரின் கதையை எடுத்து விரிவாகச் சுருக்கம் எழுதிக்கொண்டார். பிறகு அந்தச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதையைத் தானே எழுதிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டார். தன் முதல் சிறுகதைக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகள் பத்திரிகைக் கதைகள்தான். முதல் நாவலின் பகுதிகளையே அந்தக் கதைகளிலிருந்துதான் எடுத்துச் சேர்த்தார்.

அந்தப் பயிற்சியை நீங்களும் செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஓர் அத்தியாயம் போதும். மூலத்தில் இரண்டு வரியில் முடிந்தது உங்களிடம் ஒரு பக்கம் ஆகியிருந்தால், நீங்கள் கற்க வேண்டியது எது என்று அந்த இடமே காட்டிவிடும்.

நடுவயதுக்காரர்களின் கைப்பிரதிகளில் சில குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் 60 பக்கம் தாத்தா காலத்து வரலாறு. கதை தொடங்குவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். அடுத்தது, எல்லாப் பாத்திரங்களும் ஒரே பக்குவத்தோடு பேசுவது. பதினேழு வயதுப் பெண்ணும் ஐம்பது வயதுக்காரர்போல வாழ்க்கையை அலசுவாள். மூன்றாவதுதான் சரிசெய்யக் கடினம். கதாநாயகன் ஒரு தவறும் செய்யமாட்டான், தவறெல்லாம் பழைய மேலதிகாரியுடையதாகவோ பிரிந்துபோன துணையுடையதாகவோ இருக்கும். ஆறாத புண்ணிலிருந்து எழுதினால் அப்படித்தான் வரும். எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த எதிராளியின் பக்கம் நின்று ஓர் அத்தியாயமாவது எழுதிப் பாருங்கள். அதை நாவலில் சேர்க்கவேண்டும் என்றுகூட இல்லை. அதன் பிறகு மற்ற அத்தியாயங்கள் தாமாக மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நிஜ மனிதரை அடையாளம் தெரியும்படி எழுதினால் அவதூறு வழக்கு வரும் வாய்ப்பும் உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இளைஞர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒரு வேலையை உள்ளிருந்து அறிந்திருக்கிறீர்கள். கடன் கேட்டு வருகிறவர் எந்தக் கேள்வியில் கண்ணைத் தாழ்த்துவார் என்பது அந்த வங்கி அதிகாரிக்குத் தெரியும். எந்த நூலகத்திலும் கிடைக்காத அறிவு அது. ஆனால் அவருடைய 420 பக்கங்களில் வங்கி வந்ததோ வெறும் நான்கு பக்கம். "அதில் என்ன கதை இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். தாம் தினமும் செய்த வேலையின் அருமை பலருக்குத் தெரிவதில்லை, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாவலுக்காக வேலையை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர். காலை 5.30க்கு மேசையில் உட்காருவார். முந்தைய நாள் எழுதியதை அரை மணி நேரம் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். 1867இல் வேலையிலிருந்து விலகியபோது, அவர் நாவலாசிரியராகப் புகழ்பெற்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அந்த வேகம் நமக்குத் தேவையில்லை. நாளுக்கு 300 சொற்கள், வாரம் ஐந்து நாள், ஆண்டில் 50 வாரம் என்றால் 75,000 சொற்கள். ஒரு முழு நாவலின் வரைவு அது. (கண்ணாடியின் பவரை மட்டும் முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் எழுத உட்கார்ந்தால் வரும் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இனி பணம். அவசரத்தின் விலை இங்கேதான் அதிகம். "உங்கள் நாவல் அற்புதம், உடனே போடுகிறோம், செலவில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள்" என்று கடிதம் வந்தால், அன்றே பதில் போடாதீர்கள். கைப்பிரதி அனுப்பிய மூன்றாம் நாளே அப்படி எழுதுகிறவர் அதை முழுதாகப் படித்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் நூலை நம்பி முதல் போடும் பதிப்பகம் உங்களுக்குத்தான் ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, தரும். சொந்தமாக வெளியிடுவது வேறு, அது கௌரவமான வழியே. அச்சுக்கும் அட்டைக்கும் செப்பனிடுவதற்கும் நீங்கள் பணம் தருகிறீர்கள், உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கிறது. பணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதி வாங்குகிற ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

1886இல் உருவான, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. பதிவு பிற்பாடு வழக்கில் உதவலாம், அவ்வளவுதான். ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு? மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல், திரைப்பட உரிமைகள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றனவா? நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும்? இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் பதிப்பாளரிடம் கைப்பிரதியைக் கொடுக்காதீர்கள்.

அந்த வங்கி அதிகாரியிடமும் ஒருவர் பணம் கேட்டிருந்தார். கட்டுவதற்கு முந்தின நாள் என்னை அழைத்ததால் நிறுத்த முடிந்தது. முதலில் கோபப்பட்டார், ஆறு மாதம் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் புதிய அத்தியாயம் ஒன்றை அனுப்பினார். கடன் மறுக்கப்பட்ட ஒருவர், கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி தன் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறார். இப்போது நாவல் அங்கேதான் தொடங்குகிறது. 420 பக்கம் 260 ஆகியிருக்கிறது. மூன்றாம் வரைவு அவர் மேசையில் இருக்கிறது, அது எப்போது முடியும் என்று நான் அவரிடம் கேட்பதில்லை.